காதுக்குப் பின்னால்

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் பல்லைக் காட்டுகிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற காவலாளி சிரிக்கிறான். சீட்டு கொடுக்கிற பெண் சிரிக்கிறாள். மண்டையில் ஓட்டை போட வேண்டும் என்று சொன்ன அந்த வழுக்கை டாக்டர்கூட, ஏதோ விருந்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. இன்னும் ஏன் தாத்தா மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"என் மூஞ்சி, நான் எப்படி வேணா வெச்சுப்பேன்மா. நீ தண்ணிய ஊத்து."

கட்டிலில் அவர் மனைவி தலையணைமேல் சாய்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு முடியை வழித்திருந்தார்கள். கத்தி பிடித்தே வயசான மனுஷன் அந்த இடத்தை ஒரு தடவைதான் பார்த்தார். எலி கொறித்த மாதிரி ஓரம். அதற்குமேல் சகிக்கவில்லை.

அவள் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் டாக்டரும் வந்து நின்றார்.

அவளுக்கு வந்த வலி வேறு யாருக்கும் வந்து சலூன்காரர் கேள்விப்பட்டதில்லை. ஒரு வாய் விழுங்கினால் போதும், தொண்டையில் கத்தி இறங்கிக் காது வழியாக வெளியே வரும். பேசினாலும் வரும். கொட்டாவி விட்டாலும் வரும். காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். சாப்பிடப் பயந்து பயந்தே பாதி ஆளாகிவிட்டாள்.

ஒருத்தர் பல் என்றார். நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. இன்னொருத்தர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்தவர், எல்லாம் மனசுதான் என்றார்.

இந்த டாக்டர்தான், மண்டைக்குள் ஒரு ரத்தக் குழாய் தொண்டை நரம்பின்மேல் சாய்ந்துகொண்டு, துடிக்கும்போதெல்லாம் அதை இடிக்கிறது என்றார். நடுவில் பஞ்சு மாதிரி ஒரு சின்னத் துண்டை வைத்துப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் துணி சொருகுகிற மாதிரி. சலூன்காரருக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர நம்பவில்லை. பல்லைப் பிடுங்கினவரும் புரிகிற மாதிரிதான் சொன்னார்.

அவள் டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள்.

அறையில் யாரும் அசையவில்லை.

கண்ணைத் திறந்தாள். இன்னொரு வாய் விழுங்கினாள்.

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அம்மாள்கூடச் சிரித்தாள். சலூன்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். நர்ஸும் பின்னாலேயே போனாள்.

சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

நாலு நாள் தானாகவே ஒதுங்கி நின்று, ஆளை நம்பவைத்துவிட்டு, மறுபடி வந்து கழுத்தைப் பிடிக்கிற வலி அது. ரெண்டு வாய்த் தண்ணீரை வைத்து என்ன தெரியும்? தண்ணீர் சாக்கடையிலும்தான் இறங்குகிறது.

அவரிடம் வேறு ஒரு பரீட்சை இருந்தது.

கதவைச் சாத்தினார். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் சலூன். நடுவில் ஒரு திரைச்சீலை. ஒரு காலத்தில் அந்தத் தெரு ஆட்கள் முடி வெட்டிக்கொள்ள வந்ததைவிட அவர் வாயைக் கேட்க வந்ததுதான் அதிகம். சிரித்துக் குலுங்கிக் காதில் கீறல் வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர் காது எப்போதும் திரைக்குப் பின்னால்தான் இருக்கும். அடுப்படியிலிருந்து அவள் களுக்கென்று சிரித்தால்தான் அது ஜோக். இல்லையென்றால் வெறும் பேச்சு.

ஒரு நாள் அப்படிச் சிரித்தவள் பாதியில் அலறினாள்.

தண்ணீரைவிட, பேச்சைவிட, சிரிப்புக்குத்தான் அந்த வலி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது.

அன்றோடு அவர் வாயைக் கட்டினார். கடையில் எவனாவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் முறைத்தார். உள்ளே கேட்டுவிடும். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கினார். ஆட்கள் டிவி ஓடுகிற அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்போது அவள் பக்கம் குனிந்தார்.

"நீ நரம்புன்னு நம்பிட்டிருக்க. அந்த டாக்டரு தலையில ஒத்த முடி இல்ல. உன் கூந்தலப் பார்த்ததும் வயித்தெரிச்சல் தாங்கல, வழிச்சிட்டாரு. ஆபரேஷன் எல்லாம் சும்மா சாக்கு."

முதலில் அவள் தோள் குலுங்கியது. அப்புறம், திரைக்குப் பின்னாலிருந்து வருமே, அதே களுக்.

சட்டென்று கை பறந்துபோய்க் காதோரம் பிடித்தது. முகம் சுருங்கியது.

சலூன்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பாவி மனுஷா," என்றாள் அவள். "தையல் இழுக்குது." கொஞ்சம் நிதானித்து, உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். "அது இல்ல. தையல்தான்."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அவர் எழுந்து வெளியே வந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு நர்ஸ் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"என்ன தாத்தா, இப்பவாவது நம்புறீங்களா?"

"அதெப்படிம்மா," என்றார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே. "இது சின்ன ஜோக்."

சாயங்காலம், முன்பெல்லாம் அவளை விழுந்து விழுந்து சிரிக்க வைத்த அந்த ஒற்றை மீசைக்காரர் கதையைச் சொல்லிப் பார்க்க வேண்டும், அதையும் தாங்கினால் அப்புறம் யோசிக்கலாம் என்று முணுமுணுத்தபடி, தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.