கொஞ்சம் வேகமான குடோன்

"நல்லாத்தாம்மா போட்டிருக்கீங்க. ஆனா ரொம்ப வேகமா இருக்கே," என்றார் முதலாளி, மேசையில் விரித்திருந்த குடோன் பிளானைப் பார்த்தபடி.

குடோன்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவள் போட்ட பிளான்களில் இடம் பத்தலை என்றவர்கள் உண்டு. செலவு இழுக்குது என்றவர்கள் உண்டு. வேகமா இருக்கு என்று குறை சொன்ன முதல் புண்ணியவான் இவர்தான்.

"சார், லாரி வந்து நின்னா கால் மணி நேரத்துல லோடு ஏறிடும். இப்ப உங்க வாடகைக் குடோன்ல ரெண்டு மணி நேரம் ஆகுது."

"அதைத்தான் சொல்றேன். அந்த ரெண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்."

முதலாளி சோப்பும் பிஸ்கட்டும் மொத்தமாக வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு லாரியில் அனுப்புகிறவர். இப்போதுதான் சொந்தமாக ஒரு சின்னக் குடோன் கட்டப் போகிறார்.

பேனாவை எடுத்தார். வாசலை ஒட்டி அவள் வரைந்திருந்த சோப்புப் பெட்டி அடுக்குக்கு ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து அம்பு இழுத்துப் பின்மூலையில் கொண்டுபோய் விட்டார்.

"அதிகம் போற சரக்கு வாசல் பக்கம்தான் சார் இருக்கணும். குடோன் பிளானுக்கே அதுதான் அரிச்சுவடி."

"ஆளுங்க நடக்கட்டும்மா. உடம்புக்கு நல்லது."

"சரி, இந்தக் கூரை? லோடு ஏத்துறது லாரியோட பின்பக்கம். நீங்க முன்பக்கம் டிரைவர் சீட் வரைக்கும் இழுக்கச் சொல்றீங்க."

"வெயில் அடிக்குதில்ல?"

"லாரிக்கா சார்?"

"அதுவும் பாவம்தானே."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தபின் கிடைத்த முதல் வேலை இது. "இது சரிப்படலைன்னா பேசாம ஆபீஸ்ல உக்காந்து பழைய பிளானை நகல் எடும்மா. கைக்குழந்தைக்காரி, எதுக்கு அலையணும்?" என்று அவள் ஆபீஸ் மேனேஜர் அக்கறை மாதிரியே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு தடவை. உங்க வாடகைக் குடோன்லயே சாக்பீஸ்ல கோடு போட்டு, என் பிளான்படி அடுக்கிக் காட்டறேன். பார்த்துட்டு வேண்டாம்னா விட்டுடலாம்."

முதலாளி தலையைச் சொறிந்தார். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர்.

விஷயம் கேட்ட மேனேஜருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அவர் சரக்கை எடுத்துட்டுப் போற லாரி கம்பெனி ஓனரையே அன்னிக்கு ஆபீஸ்ல என் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். எத்தனை நிமிஷம்னு மட்டும் போன்ல சொல்லு. நல்லா வந்தா அவங்க குடோனும் நமக்குத்தான். அப்புறம் உன்னை யாரு நகல் எடுக்கச் சொல்லப் போறா?"

அந்த நாளும் வந்தது. லோடு ஏற்றும் ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி. அவர் நடக்கிற அழகைப் பார்த்து 'மின்னல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மின்னலே அன்று ஓடி ஓடி வேலை பார்த்தார். வாசலோரம் தயாராக இருந்த பெட்டிகள் கைமாறிக் கைமாறி லாரிக்குள் போய் உட்கார்ந்தன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"பாத்தீங்களா சார்?"

முதலாளியின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"மின்னலு, கடைசி வரிசையை இறக்கு. எண்ணிக்கை இடிக்குது."

"ரெண்டு தடவை எண்ணியாச்சு முதலாளி."

"மூணாந்தடவை எண்ணு. அவசரப்படாம."

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என் பிளான் பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க சார். அதுக்காக அந்த டிரைவரை எதுக்குக் காக்க வைக்கறீங்க? அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே, காலாகாலத்துல வீடு போய்ச் சேர வேண்டாமா? நானே போய் வண்டியை எடுக்கச் சொல்றேன்."

விடுவிடுவென்று லாரியின் முன்பக்கம் நடந்தாள்.

"ஏம்மா, வேண்டாம்மா, நில்லும்மா." ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுகொள்ள, முதலாளி பின்னாலேயே ஓடி வந்தார்.

அதற்குள் அவள் படியில் ஏறிக் கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டாள்.

ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, வாய் பிளந்து, அடித்துப் போட்ட மாதிரி டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்திருக்கான்," என்று கீழே நின்று கிசுகிசுத்தார் முதலாளி. "இங்கேருந்து கிளம்பினா மறுபடி ராத்திரி வரைக்கும் ஓட்டணும். வழியில அஞ்சு நிமிஷம் வண்டி நின்னாலும் லாரி கம்பெனி ஆபீஸ் திரையில தெரிஞ்சுடுமாம். போன் மேல போன். லோடு ஏறுதுன்னா மட்டும்தான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இதையெல்லாம் பிளான்ல எழுதச் சொல்லவா முடியும்?"

எட்டு மாதக் குழந்தையின் தொட்டில் பக்கத்திலிருந்து தினமும் நழுவிப் பழகியவள். படியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினாள்.

கையில் போன் அதிர்ந்தது. மேனேஜர்.

"என்னம்மா, முடிஞ்சுதா? லாரி ஓனர் இங்க கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கார். கால் மணி நேரம்னு சொன்னியே, வண்டி கிளம்பிடுச்சா?"

அவள் நிரம்பி நின்ற லாரியைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நின்ற முதலாளியைப் பார்த்தாள்.

"எங்க சார்," என்றாள் குரலைத் தாழ்த்தி, "இப்பத்தான் முதல் பெட்டியையே தூக்கறாங்க."