நீலக் கிளிப்

"யாரோ குழந்தை துணியை எடுத்துட்டாங்க!"

மொட்டை மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்த என்னைப் பார்த்து, பையனைத் தோளில் போட்டிருந்த கணவர் திரும்பினார்.

"குழந்தையோட மூத்திரத் துணியையா? அதை யாரு எடுப்பா?"

"காலையில பன்னிரண்டு மாட்டினேன். மாடிக் கொட்டகையில இப்ப ஆறுதான் தொங்குது. இங்க பாருங்க, இது வேற."

கையை விரித்தேன். ஒரு நீல பிளாஸ்டிக் கிளிப். என்னுடையது எல்லாம் மரக் கிளிப்.

யாருடையது என்று தெரியும். மேல் வீட்டு 'பிளாஸ்டிக் அக்கா'. பெயர் வைத்தது நான்தான். எப்போது பார்த்தாலும் கையில் தடித்த கறுப்பு கவர். கடைக்கும் அதுதான், குப்பைக்கும் அதுதான். துணி உலர்த்த மிஷின் வேறு வைத்திருந்தார்.

"ஒரு துணிப்பை எடுத்துட்டுப் போனா என்னக்கா?" என்று படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறேன்.

"போறேம்மா" என்பார். மறுநாளும் கறுப்பு கவர்தான்.

நான் அப்படியில்லை. சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் வருஷா வருஷம் நன்னடத்தைப் பரிசு வாங்கியவள். ஐந்து மாதப் பையனுக்கு டயப்பர் கிடையாது. எல்லாம் சாயம் போடாத பருத்தித் துணி. ஆன்லைனில் தேடித் தேடி வாங்கியது.

மழை பிடித்துக்கொண்டதும்தான் வினை. துணி காயவில்லை. பையனுக்குத் தொடை இடுக்கு சிவந்து தோல் உரிந்தது. தொட்டாலே வீறிட்டான்.

"ஈரம் துளிகூட ஆகாதும்மா. சீழ் வச்சுட்டா அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டரம்மா.



"பேசாம டயப்பர் வாங்கிடலாமே" என்றார் கணவர்.

"அது மண்ணுல மக்க எத்தனை காலம் ஆகும் தெரியுமா?"

"மண்ணுக்கு டைம் இருக்கும்மா. இவன் இப்பவே கத்தறானே!"

அழுகைச் சத்தம் கேட்டு அக்கா ஒரு பாக்கெட் டயப்பரோடு இறங்கி வந்தார். "மழை விடற வரைக்குமாவது..." வாசலிலேயே ஒரு பிரசங்கம் செய்து, பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து அதிசயம். கொட்டுகிற மழையிலும், சாயங்காலம் போய்த் தொட்டால் துணி அப்பளமாகக் காய்ந்திருந்தது. கடவுளுக்கு நன்றி, காற்றுக்கு நன்றி என்று முகத்தில் ஒற்றிக்கொள்வேன். பத்தே நாளில் புண் ஆறிப் பையன் சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். படிக்கட்டில் அக்காவைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பார்த்தீங்களாக்கா? உங்க மிஷின் கரண்டைக் குடிக்குது. எனக்குக் காத்தே காயவச்சுக் குடுக்குது!"

"கெட்டிக்காரிம்மா நீ" என்று சிரித்தார்.

அப்படிச் சிரித்தவர்தான் இன்று என் துணியில் கை வைத்திருக்கிறார்.

"கேட்டுட்டே வரேன்."

"மெதுவாக் கேளு" என்று கணவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

கதவைத் திறந்த அக்காவின் கையில் என் பையனுடைய துணி! உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னையும், என் கையிலிருந்த கிளிப்பையும் பார்த்துத் திருடியைப் போல விழித்தார்.

"மரக் கிளிப் ஒண்ணு என் கையில உடைஞ்சுபோச்சும்மா. அதே மாதிரி தேடினேன், கிடைக்கல. கோவிச்சுக்காதே."

நான் கேட்க வந்தது மறந்துவிட்டது. துணியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"தினமுமா அக்கா?"

"சின்ன மிஷின்தானே. ஆறு ஆறா ரெண்டு தடவை போட்டா காஞ்சுடும். நீ வர்றதுக்குள்ள திருப்பி மாட்டிடுவேன். இன்னைக்குத்தான் நீ சீக்கிரம் வந்துட்டே."

"என் கையிலயே குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா வாங்கியிருப்பியா? நீ வேணாம்னு சொல்லிடலாம். அவன் அழறது எனக்குல்ல கேக்குது!"

பத்து நாளாகக் காற்றுக்குச் சொன்ன நன்றியெல்லாம் விலாசம் மாறிப் போயிருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அட அசடு, கண்ணைத் துடை. படியில சாரல் அடிக்குது, நனையாம எடுத்துட்டுப் போ" என்று ஆறு துணியையும் அதே மாதிரிக் கறுப்பு கவர் ஒன்றில் போட்டு நீட்டினார்.

மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். கவரின் வாயை மடிக்கும்போதுதான் அதன் உள்பக்கம் தெரிந்தது. வெள்ளை. அதில் ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் வீட்டு நம்பர்.

"அக்கா... இது எங்க பார்சல் கவரா?"

"உன் பருத்தித் துணியெல்லாம் வந்த கவர்தான்மா. நீ குப்பையில போட்டதை எடுத்துவச்சேன், கிழியற வரைக்கும் உழைக்குமே! வீட்டு நம்பரைப் பார்த்து யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான், உள்பக்கத்தை வெளியே திருப்பி எடுத்துட்டுப் போறேன்."