கைக்கு அமைந்த வாள்

பழங்காலத்து வாள்களைப் போலவே வாள் செய்து, வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டி வைப்பதே கூத்தபிரானின் பேரின்பம். அவற்றுள் எதற்கும் அவர் கூர் தீட்டியதில்லை. போலி வாளின் வெட்டுவாய் மழுங்கியே இருக்க வேண்டும் என்பது அத்தொழிலின் நெறி. நடுச்சுவரில் மட்டும் ஓர் இடம் வெறுமையாகக் காத்திருந்தது. ஏரிக்கரையில் நிற்கும் கல்வீரனின் வாளுக்குரிய இடம் அது. அவ்வாள் என்றோ தொலைந்துபோக, வெறுங்கையை மடக்கியபடி நிற்கிறான் அவன். அந்தக் கைக்குழிக்குள் களிமண்ணை அழுத்தி அச்செடுத்தே கூத்தபிரான் பிடியை வார்த்தார். வேலை முடிந்ததும் ஆவலோடு வீசிப் பார்த்தார். அவர் கையில் வாள் நிற்கவே இல்லை; நழுவி நழுவி விழுந்தது.

"அவரு கைக்கு அளவெடுத்துட்டு உங்க கைக்கு ஏன் பாக்கறீங்க?" என்று சிரித்தாள் மனைவி பூங்கோதை.

அதுவும் சரிதான் என்று விடிந்ததும் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். கல்விரல்களுக்கிடையே பிடியைச் செருகினார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. "ஆகா, ஆகா!" என்று கைகூப்பிக் குதித்தார். பிறகு, வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக அலகைப் பற்றி இழுத்தார். வரவில்லை. நடுச்சுவரின் வெற்றிடம் கண்முன் நிற்க, காலை ஊன்றி இழுத்தார்.

"ஏங்க, நீங்க இழுக்கறீங்களா, அவரு இழுக்கறாரா?"

கூத்தபிரான் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையின் குறுக்கே, சிவந்த நூலிழை போலக் குருதி அரும்பியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பூங்கோதை, கூர் தீட்டாத வாள் வெட்டுதுடி!" என்று கூவிக்கொண்டே வாளை நோக்கி மறு கையையும் நீட்டினார்.