ஜாகிர் போடாத கையெழுத்து

"இன்னா திமிருபா அவனுக்கு! நம்ம தெரு மண்ணுல புரண்ட பய. ஒரு கையெழுத்து போட்டா கையா தேஞ்சிடும்?"

முடிச்சூர் ரோட்டு மண்டபத்தின் வாசலில் நின்று சம்பந்தம் கத்தினார். உள்ளே அவர் மகள் சந்திரிகாவின் கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. மெல்லிசைக் கச்சேரியையும் மீறி அவர் குரல் கேட்டது.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஜாகிர் இன்றைக்கு டிவியில் காட்டுகிற லீக்கில் ஆடும் கபடி வீரன். சம்பந்தம் ஒரு காலத்தில் நடத்திய டீமில்தான் ஆட ஆரம்பித்தான். "நம்ம ஜாகிர் வர்றான். ஒருத்தர் விடாம கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்று சம்பந்தி வீட்டாரிடம் வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தார் மனுஷன்.

வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு. 'மணமக்களை வாழ்த்த வருகை தரும் சிங்கமே!' என்று ஆளை விழுங்குகிற உயரத்தில் ஜாகிர் தொடை தட்டிக்கொண்டு நின்றான். மணமக்கள் படமும் இருந்தது. கீழே ஓரத்தில், ஃப்ளெக்ஸ் அடித்தவரின் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

ஜாகிர் வந்தான். அவ்வளவுதான். பரிசு கொடுக்க மேடையோரம் நின்ற வரிசை அப்படியே கலைந்து அவனிடம் ஓடியது. பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தவர்கள்கூட எச்சில் கையோடு வந்துவிட்டார்கள். சம்பந்தியின் அண்ணன் வேதசிரோமணி, புது வெள்ளைச் சட்டையின் முதுகைத் திருப்பிக் காட்டி, "இங்க போடுங்க தம்பி" என்றார்.

"சாரி சார், இன்னைக்கு வேணாம்."

எல்லாருக்கும் இதே பதில். முகத்தில் சிரிப்புகூட இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினான். மணமக்களிடம் குனிந்து ஏதோ பேசினான். நடுவில் ஒரு பேனா கைமாறியது. அடுத்த நிமிடம் சமையல்கட்டு வழியாக இறங்கி, காரில் ஏறிப் போய்விட்டான். ஒரு வாய் சாப்பிடவில்லை.

சம்பந்தி ஸ்ரீரங்கன் மெல்ல வாசலுக்கு வந்தார்.

"நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கல சம்மந்தி. ஆனா பொண்ணுக்கு மட்டும் போட்டுட்டுப் போனாராமே. எங்க ஆளுங்கன்னா மட்டும் கை வலியா? அண்ணன் சட்டையைத் திருப்பிக் காட்டி நின்னாரு பாருங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சம்பந்தத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே பிரியல சம்மந்தி. போன வாரம் தாம்பரம் மார்க்கெட்ல எவனோ ஹெல்மெட்ட நீட்டினான், அதுல போட்டான். ஒருத்தன் கையில மாவுக்கட்டு, அதும்மேலயும் போட்டான். நானே கண்ணால பார்த்தேன். இன்னிக்கு இன்னா வந்துச்சு அவனுக்கு?"

"ஃப்ளெக்ஸ்ல அவன் மூக்கு கோணலா கீதுன்னு காலையிலயே சொன்னேன். கேட்டாதானே?" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி.

"மூக்குக்காக எவனாவது சோறு துன்னாம போவானா?"

அந்த நேரம் பார்த்து செல்போனில் செய்தி வந்தது. ஜாகிர்தான். 'மன்னிச்சிடுங்க அங்கிள். இன்னொரு நாள் கண்டிப்பா வந்து எல்லாருக்கும் போடறேன்.'

சம்பந்தம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"இன்னொரு நாள்னா? இன்னிக்கு இவன் பேனாவுல இங்க் இல்லியா?"

சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகிறது. வேறு வழி தெரியவில்லை. மகளிடம் இருக்கிற கையெழுத்தை வாங்கி வேதசிரோமணியிடம் கொடுத்துவிட்டால், இப்போதைக்கு மூச்சு விடலாம்.

விறுவிறுவென்று மேடைக்குப் போனார். கலைந்த வரிசை மறுபடியும் சேர்ந்து வாசல்வரை நீண்டிருந்தது. யார் யாரோ சந்திரிகாவின் கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து வாடிக் கிடந்த அவள் முகம் இப்போதுதான் கல்யாணப் பெண் முகமாக இருந்தது.

சம்பந்தம் அவள் காதருகே குனிந்தார்.

"அந்தக் கையெழுத்தக் குடும்மா. மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்குக் குடுத்து சமாதானம் பண்ணிடறேன்."

"எந்தக் கையெழுத்துப்பா?"

"ஜாகிர் உனக்குப் போட்டானே, அது."

"எனக்கு எதுவும் போடலையே."

"வெளையாடாத. பேனா கைமாறினத நான் பார்த்தேன்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அச்சுதன் சிரித்துவிட்டான். "அவர் போடல மாமா. எங்ககிட்ட வாங்கிட்டுப் போனார். கல்யாணப் பத்திரிகைல, நாங்க ரெண்டு பேரும் போட்டுக் குடுத்தோம்."

"உங்ககிட்டயா? அவனா? எதுக்கு?"

சந்திரிகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தான்பா கேட்டேன். 'வாசல்ல அவ்ளோ பெரிய ஃப்ளெக்ஸ்ல உன்னைத் தேட வேண்டியிருந்துச்சு. உள்ள வந்தா, எல்லாரும் உனக்கு முதுகு காட்டிக்கினு என்னைப் பார்க்கறாங்க. இன்னைக்குக் கையெழுத்து போட வேண்டிய ஆளு நீதாம்மா'ன்னு சொல்லி, பேனாவை என் கையில குடுத்தாருப்பா."