தேன் தொட்ட ரொட்டி

“அத்தைக்குத் தெரியவே கூடாது. ஏற்கெனவே என்னைக் கண்டா ஆகாது,” என்றாள் ரலிட்சா. “மாப்பிள்ளைகிட்டகூடச் சொல்லல. நாத்தனார்தான் ரகசியமா உங்ககிட்ட அனுப்பி வச்சா.”

ப்ளோவ்திவ் நகரின் அழகு மருத்துவர் பிசெரா, உதடு எடுப்பாகத் தெரிய ஊசி போட்ட இடத்தில் ஐஸ் ஒற்றினாள். “பத்து நாளைக்கு முத்தம், மது, சூடு கூடாது. எதையும் மெல்லக் கூடாது. ஆறின தயிர் சூப்பு மட்டும்.”

“ஐயோ! சனிக்கிழமை கல்யாணம். வாசல்ல அத்தை தேன் தொட்டு ரொட்டி ஊட்டுவாங்க. அதைத் தின்னாத்தானே நான் மருமக!”

“மென்னா வாய் கோணிக்கும். அப்புறம் உன் இஷ்டம்.”

சனிக்கிழமை மண்டப வாசலில் மாமியார் ஸ்தாங்கா ரொட்டியை நீட்டினாள். ரலிட்சா வாயைத் திறக்கவில்லை.

“அம்மா கையால ஒரே ஒரு வாய்,” என்று கெஞ்சினான் மாப்பிள்ளை ப்ளாமென். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“என் கை ரொட்டி அவளுக்கு அசிங்கமாப் போச்சுடா!” இருநூறு பேர் முன்னால் ஸ்தாங்கா அழுதாள்.

விருந்தில், “ஒயின் கசக்குது, இனிக்க வைங்க!” என்று வழக்கம்போல் எல்லோரும் கத்தி முத்தம் கேட்டபோது, ரலிட்சா கன்னத்தைக் காட்டினாள். ப்ளாமென் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினான்.

திங்கட்கிழமை பிசெராவுக்குத் தொலைபேசி வந்தது.

“பிரிஞ்சுட்டாங்கடி. ஆமா, உண்மையில எத்தனை நாள் பத்தியம்?”

“ஒரே நாள்தான், ஸ்தாங்கா சித்தி. அவகிட்ட இப்பவாவது சொல்லிடட்டுமா?”

“பத்து நாள் முடியட்டும். அதுவரைக்கும் தயிர் சூப்பே குடிக்கட்டும்.”