டிராகனின் மூக்கடைப்பு

மெடெயின் நகரத்து ஒலிப்பதிவு அறையில் எவரிஸ்தோ குழந்தைகளுக்கான ஒலிப்புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். தும்மினால் நெருப்புக்குப் பதிலாகச் சுடச்சுட அரேபா ரொட்டி கக்கும் ஒரு டிராகனின் கதை அது. வாசிப்பு பிசகினால் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி படிப்பது தொழில் வழக்கம். பிறகு பதிவை வெட்டி ஒட்டுபவர்களுக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது தட்டுகிற வேலை மகள் யுலியானாவுடையது. போன மாதம்தான் அவளை அடக்கம் செய்தார்கள்.

பதிவைப் போட்டுக் கேட்ட ஒலிப்பதிவாளர் நூபியா கண்ணாடிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த எடத்துல ஏன் தட்டுனீங்க? தப்பே இல்லையே. காலையில சாப்பிடலையா, தட்டுன தட்டுல சத்தே இல்ல?"

"நான் தட்டலையேம்மா. போடு, கேப்போம்."

டிராகன் பேசி முடித்ததும் சின்னதாக ஒரு கைதட்டல் கேட்டது. வார்த்தையில் பிசகில்லைதான். ஆனால் டிராகனுக்கு மூக்கடைத்த குரல் என்று அப்பாவும் மகளும் சமையலறையில் முடிவு செய்திருந்தார்கள். இன்று அந்தக் குரலுக்கு மனசு வராமல் அவர் சும்மா வாசித்திருந்தார். அது வேறு யாருக்கும் தெரியாது.

எவரிஸ்தோ மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்தார். நூபியா சிரித்துவிட்டாள். போட்டுக் கேட்டபோது இந்த முறை தட்டல் இல்லை. அடுத்த வரியில் டிராகனை வேண்டுமென்றே ஆமை என்று வாசித்தார்.

"தப்பாச்சே அண்ணே, தட்டலையா?"

"கொஞ்சம் பொறு தாயி," என்றார் எவரிஸ்தோ, கைகளை மடியில் வைத்தபடி. "பதிவை நிறுத்திடாத."