பதினெட்டாம் விதி

திரையில் முப்பத்தாறு முதுகுகள் இருந்தன.

முப்பத்தைந்தின் மேல் கறுப்பு அங்கி. புல்தரையின் ஓரத்தில் கடைசியாக நின்ற ஒன்றின் மேல் மட்டும் சாம்பல் நிறக் கோட்.

"அங்கி இல்லாத அந்தப் பொம்பள யாருன்னு மட்டும் சொல்லுங்க, ருஷ்தூ. மத்தவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் ஷாகிர். அவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர். மற்றவர்கள் நிரந்தரப் பேராசிரியர்கள், அவர்களை அவரால் அசைக்கக்கூட முடியாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அங்கி இல்லை என்றால் ஒப்பந்த விரிவுரையாளர். ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பது வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

புள்ளியியல் துறையின் செல்ஜென்தான் என்று எல்லோருக்கும் சந்தேகம். சந்தேகத்தை வைத்து ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்து, இவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

குற்றம் புதியது. வளாகத்தில் போராடுவதற்கு எங்களிடம் பதினேழு விதிகள் இருந்தன. நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். கோஷம் கூடாது, பதாகை கூடாது, ஒலிபெருக்கி கூடாது, வாசலை மறிக்கக் கூடாது. நிர்வாகம் மாணவர் சங்க அறையைப் பூட்டிய வாரத்தில் ஆசிரியர்கள் பதினேழையும் உட்கார்ந்து படித்தார்கள். நாளை மறுநாள் நிற்கப் போகிறோம் என்று ஒழுங்காக மனுவும் கொடுத்தார்கள். பிறகு தினமும் மதியம் ஒரு மணிக்கு, நிர்வாகக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி, கால் மணி நேரம் சும்மா நிற்க ஆரம்பித்தார்கள்.

அதற்காகவே வந்தது பதினெட்டாம் விதி: நிர்வாகக் கட்டடத்துக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. எழுதியவர் ஷாகிர். எழுதும்போது அவருக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை. கேமராக்கள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் மேல்தான் இருக்கின்றன.

முன்பக்கம் போய்ப் படம் எடுக்க ஒரு காவலரை அனுப்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற பேராசிரியை ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மகளுக்குக் காய்ச்சல் தேவலையா என்று விசாரித்துவிட்டார். மனிதர் படம் எடுக்காமலே திரும்பி வந்தார். அப்புறம் யாரும் போகவில்லை.

எனக்கு முன்னால் புள்ளியியல் துறைத்தலைவரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. அடுத்தது தேநீர் கொடுக்கும் ஹிதிர்.

"நான் தட்டோட போறப்ப எல்லாரும் என் பக்கம் திரும்பித்தான் சார் நிப்பாங்க. முதுகெல்லாம் எனக்குப் பழக்கமில்ல."

கடைசி நம்பிக்கை நான். ஊழியர் பதிவேட்டுப் பிரிவில் பதினாறு வருடம். அது போக, சொல்வதற்கு எனக்கு மனம் இருக்கும் என்றும் அவர்கள் நம்பினார்கள். ஷாகிர் தானே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்க்கரைக் கட்டி இரண்டு போட்டு, என் தேநீரைத் தன் கையாலேயே கலக்கியும் வைத்தார்.

படத்தைப் பெரிதாக்கினார்கள்.

இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. கொண்டையில் ஒரு பென்சில். இஸ்மிர் நகரத்தின் மார்ச் மாதக் காற்றில் கோட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, அவள் அதைக் கையால் இழுத்துவிடக்கூட இல்லை. குளிருமே என்று நினைத்தேன்.

செல்ஜெனுக்கு வேறு வேலை கிடையாது. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. பதிவேட்டில் அதெல்லாம் இருக்கிறதா என்றால், இல்லை.

பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடலாமே என்று ஒரு நொடி ஆசையும் வந்தது, ஒளிப்பானேன்.

"தெரியல சார்."

"நல்லாப் பாருங்க ருஷ்தூ. உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"முதுக மட்டும் பாத்து ஒரு ஆள எப்படி சார் சொல்றது?"

அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஷாகிர் அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார். மூடிய விதத்தைப் பார்த்தால் அவருக்கும் ஒரு தலைவலி விட்ட மாதிரிதான் இருந்தது. இனி சாட்சி இல்லை. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும்.

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்து வருடக்கணக்காகிறது. இத்தனைக்கும் காப்பாற்றப்பட்டது நான் இல்லை.

ஹிதிர் பக்கத்தில் வந்து தட்டைக் கீழே வைத்தான்.

"நெசமாவே தெரியலையாண்ணே?"

"தெரியலப்பா."

விவாகரத்துக்கு முந்தைய இரண்டு வருடமும், ஒரே கட்டிலில், செல்ஜென் எனக்குக் காட்டியது அந்த முதுகைத்தான்.